முதல் இரண்டு சும்மா

என்னிடம் திட்டு வாங்கியே காலத்தை ஓட்டிய என் அருமை அண்ணனுக்கு,

உன் வண்டி ஓடுகிறது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ நடுவில் உள்ளதையெல்லாம் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விடுவாய். எந்தக் கடிதத்தை நீ ஒழுங்காகப் படித்தாய்? பாகூர் ஏரிக்கரை மேட்டில் பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பி, பின்னுக்கும் எடுத்தேன். கியர் ஒரு சத்தம் போடவில்லை. ஓட்டியது நான்தான். ஆமாம், இந்தக் காலை வைத்துக்கொண்டுதான்.

நீ போய் வருஷம் ஆகப்போகிறது. உன் கராஜ் சிநேகிதர்கள் சேர்ந்து உன் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். "நர்சம்மா, நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுக்கணும்" என்றார்கள். ஒரு பக்கத்தில் நான் எதைச் சொல்லி முடித்திருக்கிறேன்? அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் ஓரமாக நின்று படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்ல வேண்டி வரும், பொறுத்துக்கொள்.

மணப்பட்டிலிருந்துதானே எல்லாம் ஆரம்பித்தது? புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு நான் பாகூருக்கு வந்த மூன்றாம் வருஷம். மணப்பட்டில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது என்று மத்தியானம் ஆள் வந்தது. மாட்டுவண்டியில் கிளம்பினேன். பாதி வழியில் மணலில் சக்கரம் இறங்கி வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடுகிற கால் எனக்கு இல்லை. சின்ன வயதில் வந்த ஜுரம் இடது காலைக் குட்டையாக்கி, கீரைத்தண்டு மாதிரி மெலிய வைத்துவிட்டுப் போனதே. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய் போய்விட்டிருந்தாள். அவள் உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நீ கையைப் பிசைந்துகொண்டு முற்றத்தில் நின்றாய். பிறகு, "தனம், நான் வண்டி கட்டறேன்" என்றாய். எனக்கு எரிச்சல் வந்தது. "இந்நேரத்துல வண்டி கட்டி எங்க போவணும்? மாட்ட அவுத்து இப்பதான் தண்ணி காட்டியிருக்குது" என்றேன். நீ சொன்னது மாடு பூட்டுகிற வண்டி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு மோட்டார் வண்டியைக் கட்டப்போகிறேன் என்று ஒரு மனிதன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

நீ கட்டினாய். கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் கொல்லையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய காரிலிருந்து சட்டமும் எஞ்சினும் வந்தன. கியர்ப் பெட்டி இந்தியாப் பக்கத்தில் கழித்துப் போட்ட பட்டாளத்து வண்டியுடையது. அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இன்னும் மாறவில்லை. கடலூருக்கும் நமக்கும் நடுவில் சுங்கச் சாவடி இருந்தது. உன் சிநேகிதர் கோபால் அங்கே லாரி ஷெட்டில் மேஸ்திரி. அவர் ஒரு பேரிங்கைப் பலாப்பழக் கூடைக்கு அடியில் வைத்து அனுப்ப, சாவடிக்காரன் மேலே இருந்த பழம் நன்றாக இருக்கிறதே என்று கேட்க, நீ பழத்தை முழுசாக அவனுக்கே கொடுத்துவிட்டு பேரிங்கோடு வந்தாய். அந்த வாரம் முழுக்க உன் சட்டையில் பலாச்சுளை வாசம்.

கொடி மாறியது, சாவடி போனது, வண்டி மட்டும் முடியவில்லை. மேல்கூட்டைப் பனித்திட்டுக் கிராமத்தில் படகு செய்கிற ஆசாரியிடம் கொடுத்தாய். அவருக்குத் தெரிந்தது படகுதானே, முன்பக்கம் கூர்மூக்காக வந்துவிட்டது. ஊர் அதற்குப் படகு வண்டி என்று பெயர் வைத்தது. "மழ பேஞ்சா ஏரியிலயே உடலாம்பா" என்று சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

உனக்கும் கோபாலண்ணனுக்கும் பேச்சே வேடிக்கை. நீ வேலை கற்றது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கராஜில். கிளட்ச்சுக்கு நீ 'அம்பிரயாழ்' என்பாய். "இன்னா யாழு? வாசிக்கிறதா?" என்பார் அவர். தொட்டுக் காட்டுவாய். "அட, கிளட்ச்சுபா!" என்பார். இப்படி ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருகைக்கூடத் திருகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

எனக்கு முதன்முதலில் ஓட்டச் சொல்லிக் கொடுத்த அன்று அந்தப் பெடலை என் கையால் அழுத்தச் சொன்னாய். கொஞ்ச தூரம் லேசாக உள்ளே போனது, பிறகு கனத்தது. "பார்த்தியா? மொதல் ரெண்டு சும்மா. அதுல ஒரு வேலையும் நடக்காது. அதுக்கப்புறந்தான் கிளட்ச் வேல செய்யும்" என்றாய். சும்மா போகிற இடத்தை எதற்கு வைத்தார்கள், எடுத்துவிடலாமே என்றேன். "எடுத்தா கிளட்ச்சுக்கு ஓய்வே இருக்காது. உரசி உரசி எரிஞ்சி பூடும். உன்ன மாதிரி. உனக்குத்தான் சும்மான்றதே கெடையாதே, தொட்டதும் பத்திக்குவ" என்றாய். உண்மையில் அப்போதே பற்றிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய சண்டை அடுத்த வாரம். என் கால் எட்ட வேண்டும் என்று பெடல் மேல் நான்கு விரல் கனத்துக்குப் பூவரசங்கட்டை வைத்து, டயர்த் தோல் ஒட்டினாய். அது சரி. ஆனால் கட்டையின் உயரம் பார்க்க, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, வாசலில் என்னை உட்கார வைத்து என் பையிலிருந்த டேப்பை எடுத்துக் காலில் வைத்தாய். நான் கத்தினேன். "ஊரே பாக்க இந்த நொண்டிக் கால அளக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? உன் வண்டியும் வாணாம், உன் பாவம் பாக்கறதும் வாணாம்!"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் பெடல அளக்கறேன். உன் கால் எனக்கு இன்னாத்துக்கு?" என்றாய்.

நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் உனக்கு ஜுரம். எத்தனையோ பேரை இந்த உலகத்துக்குள் இறக்கிவிட்ட கை இது. உன்னைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெரியவில்லை. கடைசி நாள் வாய் உலர்ந்துபோய், "ரெண்டு... தனத்துக்கு ரெண்டு உடணும்" என்று முனகிக்கொண்டே இருந்தாய். தண்ணீர்தான் கேட்கிறாய் என்று நினைத்து இரண்டு கரண்டி விட்டேன். நீ இல்லையென்று தலையை ஆட்டினாய். மறுபடி இரண்டு விட்டேன். நீ கேட்டது அது இல்லை என்பது எனக்கு மாதக்கணக்கில் தெரியாமல் போயிற்று அண்ணா.

நீ போன பிறகு வண்டி மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. பெடலிலிருந்து கிளட்ச்சுக்குப் போகிற கம்பியை நீ கழற்றிப் போட்டிருந்தாய். திருகு மரை தேய்ந்திருக்கிறது, புதிதாக மரை போடவேண்டும் என்று சொன்னாயாம். கோபாலண்ணன் கடலூரிலிருந்து வந்து, அழுதுகொண்டே அந்த வேலையை முடித்து மாட்டினார். கால் வைக்கும் பலகையில் நீ சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தாயே, 'தனத்துக்கு 2' என்று. "அவன் எழுதனபடியே வெச்சிட்டேன் தங்கச்சி. இனிமே நீ ஓட்டலாம்" என்றார்.

ஓட்டினேன். ஓட்டினேனா! பெடலை எட்டின மட்டும் அழுத்திக் கியரைத் தள்ளினால், உரலில் சரளைக் கல்லைப் போட்டு இடித்த மாதிரி கரகரவென்றது. அழுத்தியபடியே இருக்கும்போது வண்டி தானாக நகர்ந்து போய் எதிர்வீட்டு வைக்கோல் போரில் மூக்கை நுழைத்துக்கொண்டது. கூட்டம் கூடிவிட்டது. "கால் பத்தலபா பாவம்" என்றது ஒரு குரல். மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் அதே வைக்கோல் போர். இடுப்பை முன்னால் தள்ளி, கம்பியைப் பிடித்துத் தொங்கி, கால் நரம்பு இழுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் எண்ணெய் தேய்த்தும் பெடல் அடிவரைக்கும் போகவில்லை. கோபாலண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் ஊர் சொன்னதையே நம்பினேன். எனக்குள் ஓர் அல்பமான நிம்மதிகூட வந்தது, சொல்லிவிடுகிறேன். பார்த்தாயா, நான் அன்றைக்கே வேண்டாம் என்றேனே என்று உன் படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் கரியமாணிக்கத்திலிருந்து ஒருவர் வந்து, எஞ்சினைக் கொடுத்தால் கிணற்றுப் பம்புக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அண்ணி என்னை உட்கார வைத்துப் பேசினார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தனம், அது உங்க அண்ணன் உனக்குன்னு கட்டனது. உன்னால ஓட்ட முடிஞ்சா அது இந்த வூட்ட உட்டுப் போவாது. முடியலன்னா சும்மா நின்னு துருப் புடிக்கறத என்னால தெனமும் பாக்க முடியாது. நாலு பேரு நெலத்துக்குத் தண்ணியாவது எறைக்கட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை வண்டியைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்க அதிகாரி வருகிறார், அவர் ஓட்டச் சொல்வார், அதுவரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன் அண்ணா. நீ பார்க்காதது நல்லதாயிற்று. எஞ்சின் போனால் மறுபடி மாட்டுவண்டிதான், மறுபடி அந்த மணல்தான். மணப்பட்டில் அந்தப் பெண்ணின் தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

வியாழக்கிழமை காலை கோபாலண்ணன் வண்டியை வைக்கோல் போரிலிருந்து பின்னுக்கு எடுத்துக் கொட்டகையில் விட்டார். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கரகர. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

"கோபாலண்ணே, உங்களுக்கும் கரகரங்குதே?"

"பழைய வண்டி தங்கச்சி. கொஞ்சம் அப்டித்தான் இருக்கும்."

"உங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்குது?"

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பாவம், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் சாக்கை விரித்து வண்டி அருகில் உட்கார்ந்தேன். என் தொழிலில் கண்ணை நம்பக் கூடாது, கையைத்தான் நம்ப வேண்டும். வயிற்றுக்குள் தலை எங்கே, முதுகு எங்கே என்று பார்க்கிற மாதிரி பெடலில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினேன். சும்மா போனது. இன்னும் போனது. போய்க்கொண்டே இருந்தது. நீ அன்று காட்டியபோது இவ்வளவு தூரம் போகவில்லை, கைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பெடலுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"சும்மா போறது எவ்ளோ வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டுதான். அவன் எழுதனபடி."

"இதுல அஞ்சு காட்டுது."

"அஞ்சா? இருக்கவே இருக்காது" என்று தன் பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்து வைத்தார். குனிந்து பார்த்தார். "ரெண்டு. நீயே பாரு." பார்த்தேன். இரண்டுதான். என் டேப்பைத் திரும்ப வைத்தேன். ஐந்து.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். அவருடைய ஸ்கேல் கடலூர் ஸ்கேல், இஞ்சில் பேசும். என் டேப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொடுத்தது, அதற்குச் சென்டிமீட்டர் தவிர வேறொன்றும் தெரியாது. நீ எழுதினது பிரெஞ்சுக்காரன் கராஜ் இரண்டு. அவர் படித்தது இந்தியா இரண்டு. அம்பிரயாழ் என்று நீ எழுதியிருந்தால் அவர் யாரையாவது கேட்டிருப்பார். 2 என்று எழுதியிருந்தாய். அதில் கேட்க என்ன இருக்கிறது? ஐந்து சும்மா போய்விட்டால், மிச்ச தூரத்தில் யார் கால் வைத்தாலும் கிளட்ச் முழுசாக விடாது.

"சாவடிய எடுத்துட்டாங்கன்னு பேரு. நம்ம வண்டிக்குள்ள ஒண்ணு நின்னுக்கினு இருக்குது பாரு" என்று கோபாலண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. நீ வாய் உலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது தண்ணீர் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. என் கால் எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து, அந்த தூரத்துக்குள்ளேயே கிளட்ச் முழுசாக விடும்படி கணக்குப் பண்ணி, அதற்கு மேல் ஒரு நூல்கூட நான் எட்டிப் பிடிக்க வேண்டாதபடி வைத்திருந்தாய். நீ சொன்னது சத்தியம்தான். நீ பெடலைத்தான் அளந்தாய். குட்டையாக இருந்தது பெடலின் கணக்கே ஒழிய என் கால் இல்லை.

கம்பி முனையில் இருக்கிற நட்டை நானே திருகினேன். கோபாலண்ணன் திருகு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பூட்டு நட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் திருகுவது, எழுந்து கையால் அழுத்துவது, டேப்பை வைப்பது. நான்கு. மூன்று. ஒரு தடவை அவசரப்பட்டு ஒன்றுவரைக்கும் இறக்கிவிட்டேன், "உரசும், உரசும், திருப்பு" என்றார். திருப்பினேன். இரண்டு. பூட்டு நட்டை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். கால் அதன் போக்கில் போயிற்று, வண்டி அசையாமல் நின்றது. கியர் வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி விழுந்தது. அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார், சத்தம் வரவில்லையே, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரியைக் கோபாலண்ணன் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன் என் காலைப் பார்த்தார். ஏரிக்கரை மேட்டில் பாதியில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். ஒரு முழம்கூடப் பின்னால் உருளவில்லை. "இன்னொரு தரம்" என்றார். இன்னொரு தரமும் செய்தேன். "வேணும்னா சாயந்திரம் வரைக்கும் செய்றேன் சார், எனக்கு இன்னிக்கி பிரசவம் ஒண்ணும் இல்ல" என்றேன். கோபாலண்ணன் இருமினார். அதிகாரி கடைசியில் பலகையைக் காட்டி, "இது என்னம்மா 2?" என்று கேட்டார். "எங்க அண்ணன் கையெழுத்து சார்" என்றேன். அவரும் காகிதத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

பம்புக்காரர் சனிக்கிழமை வந்தார். அண்ணி அவருக்கு மோர் கொடுத்து, "வண்டி ஓடிச்சிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊர் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்ததற்குப் பாரிசில் இன்னும் ஒப்புதல் கொடுத்துத் தீரவில்லை என்கிறார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு காகிதம் பிரெஞ்சில் வருகிறது, அடுத்தது இங்கிலீஷில். யார் எந்த எண்ணைக் காட்டினாலும் நான் இப்போது "எதுல?" என்று கேட்கிறேன். இந்த அம்மாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று குமாஸ்தா சலித்துக்கொள்கிறார்.

சொல்லவேண்டியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். போன மாதம் மணப்பட்டிலிருந்து ஆள் வந்தது. அதே வீடு. தங்கைக்காரி. நான் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். அதே மணலில், அந்தச் சக்கரம் இறங்கிய இடத்தில், இரண்டாவது கியருக்கு வந்து பெடலை மெல்ல விட்டேன். படகு மூக்கு மணலைக் கிழித்துக்கொண்டு போனது. வீட்டு வாசலில் அவள் தாய், பெரியவளைப் பறிகொடுத்த அதே தாய், என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ப் பார்த்தேன். கர்ப்பவாய் இரண்டு விரல் அளவுதான் திறந்திருந்தது.

"ஒண்ணும் பயமில்லமா. இன்னும் நேரம் இருக்குது" என்றேன். மணப்பட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தேன் அண்ணா. சாயங்காலம் பெண் குழந்தை பிறக்கிறவரைக்கும், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், சும்மா.

கிளட்ச் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும் என்று கோபாலண்ணன் சொல்லியிருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை டேப்பை எடுத்து வைத்துப் பார்த்துச் சரிசெய்வேன். உன் சாக்கட்டி எழுத்து அழியாமல் அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டேன். பக்கத்தில் சின்னதாக 'செ.மீ.' என்று என் கையால் எழுதியிருக்கிறேன், உனக்குக் கோபம் இல்லையே? இன்னொன்றும் சத்தியம் செய்கிறேன். இனிமேல் யாரிடமும் கத்துவதற்கு முன்னால் முதல் இரண்டைச் சும்மா விடுகிறேன். அண்ணியிடம் ஆரம்பித்திருக்கிறேன். ஒன்றரை வரைக்கும் வந்திருக்கிறது.

நீ அளந்த பெடலுக்குச் சரியாக எட்டுகிற காலுடைய,
உன் தங்கை
தனம்